புதன்கிழமைத் தண்ணீர்

ஊல்கான் அக்காவுக்கு நன்றி சொல்லத் தெரியாது என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். அது பொய். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாலேடு போனால் போதும். கொண்டு போனவளை வாசலில் நிறுத்திவைத்து அவள் தாய்க்கு, தகப்பனுக்கு, பசுவுக்கு, பசு மேய்ந்த மலைக்கு என்று வரிசையாக வாழ்த்துச் சொல்லித்தான் விடுவார். கிண்ணமும் வெறுமனே திரும்பாது. அடியில் நாலு வாதுமையோ ஒரு பிடி உலர்ந்த ஆப்ரிகாட்டோ கிடக்கும்.

ஆனால் தண்ணீர் முறை அன்றைக்கு நான் மடையைத் திறந்துவிட்டு நின்றால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போவார். ஒரு வார்த்தை கிடையாது. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

நான் பதினோரு வருஷம் எங்கள் வாய்க்காலுக்கு மிராப்பாக இருந்தவன். தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. அறுபத்து மூன்று வீடு, யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று நோட்டு என்னிடம் இருக்கும். மடையைத் திறக்கிற இரும்புச் சக்கரத்தின் சாவியும் என்னிடம்தான். எங்கள் பக்கம் வானம் நம்புகிற மாதிரி இல்லை. மலைப் பனி உருகி வருவதுதான் தண்ணீர், அது வாய்க்காலில் வந்தால்தான் ஆப்ரிகாட் மரம், மரம் காய்த்தால்தான் வீடு. அதனால் சாவி வைத்திருக்கிறவனுக்கு ஊரில் நல்ல மரியாதை. தந்தூரிலிருந்து எடுத்த முதல் ரொட்டி வரும். பாலேடு வரும். நாக்கடியில் வைக்கிற புகையிலைப் பொடி கடையில் வாங்கினதாக எனக்கு ஞாபகமே இல்லை. நான் கேட்டு வாங்கினதில்லை. வந்ததை வேண்டாம் என்றதுமில்லை. கொடுத்தவர்களுக்குப் பத்து நிமிஷம் கூடவே விடுவேன். அந்தப் பத்து நிமிஷம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எவனோ ஒருவனுடையது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் முகம் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது, ரொட்டி கொண்டுவந்தவள் முகம் எதிரே இருக்கும்.

ஊல்கான் அக்கா பதினோரு வருஷத்தில் ஒரு ரொட்டித் துண்டு கொண்டுவந்ததில்லை. நானும் அவருக்கு ஒரு நிமிஷம் கூடவோ குறைத்தோ விட்டதில்லை. குறைத்தால் கடிகாரம் இருக்கிறதே.

அவர் அப்படித்தான், இளம் வயதிலிருந்தே. கூட்டுப்பண்ணைக் காலத்தில் புகையிலை வயலில் வேலை செய்தவர். புருஷன் லாரி ஓட்டினார், பாலத்திலிருந்து லாரியோடு ஆற்றுக்குள் விழுந்து போய்ச் சேர்ந்தார். கையில் இரண்டு பையன்கள். அடுத்த வருஷமே பண்ணையைக் கலைத்து நிலத்தைப் பிரித்தார்கள். அன்றைக்குப் பண்ணைத் தலைவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "புருஷன் இல்லாத பொண்ணு, பாவம், உனக்கு நாங்க பார்த்துக் குடுப்போம்மா" என்றாராம். இவர், "பார்த்தெல்லாம் குடுக்க வேணாம். தலைக்கு எவ்வளவுன்னு பேசியிருக்கீங்க? என் வீட்டுல மூணு தலை. எண்ணிக் குடுங்க போதும்" என்றாராம். சீட்டுப் போட்டார்கள். அவருக்கு விழுந்தது கல்லுக்காடு. மாற்றித் தருகிறேன் என்று தலைவரே இரங்கி வந்தாராம். "சீட்டுல வந்ததுதானே" என்று சொல்லிவிட்டு நாலு வருஷம் கல் பொறுக்கினார். பொறுக்கின கல்லில் சுவர் வைத்தார், சுவருக்குள் நாற்பது ஆப்ரிகாட் மரம் வைத்தார். பையன்கள் இப்போது ரஷ்யாவில் கட்டட வேலை. மரங்கள்தான் இங்கே அவரோடு இருக்கின்றன.

காலையில் ஊர் மருத்துவ நிலையத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே நடந்த ஒன்றை நானே பார்த்தேன். முதுகு வலிக்கு ஊசி போட வரிசையில் நின்றிருந்தேன், மொத்தம் ஆறு பேர். பாசில் வந்தான். பாசில் என்னோடு ஏழாம் வகுப்பு வரை படித்தவன், நான் அதோடு நின்றேன், அவன் படித்துப் பெரிய ஆளானான். கடை, இரண்டு லாரி, ரஷ்யாவுக்குப் போனவர்களின் நிலத்தையெல்லாம் குத்தகைக்கு எடுத்துத் தொள்ளாயிரம் ஆப்ரிகாட் கன்று. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஊரில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பது அவன் லாரிதான். அன்றைக்கு டாக்டரம்மாவுக்கு ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்து நேராகக் கதவுக்குப் போனான். ஊல்கான் அக்கா துடைப்பக் கட்டையைக் கதவுக்குக் குறுக்கே நீட்டினார்.

"தரை ஈரம்."

"தாண்டிப் போய்க்கறேன்க்கா."

"ஆறு பேர் போன பிறகு காஞ்சிடும். நில்லு."

எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான், ஆனால் நின்றான். சற்று நேரத்தில் ஒருத்தி அழுகிற கைக்குழந்தையோடு வந்து பாசிலுக்குப் பின்னால் நின்றாள். ஊல்கான் அக்கா எங்களிடம் ஒவ்வொருவராக வந்து கேட்டார்: "இவள முன்னால விடறியா? நீ? நீ?" பாசிலிடமும் கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். ஏழு பேருக்கும் தனித்தனியாக, "நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டுத்தான் அவளை உள்ளே விட்டார். நன்றி சொல்லத் தெரியாதாம் இவருக்கு!

இனி அந்த வறண்ட வருஷத்துக்கு வருகிறேன்.

வசந்தத்தில் முதல் தண்ணீர் விடுவதற்கு முன்னால் வாய்க்கால் தலையில் துலோ நடக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லோரும் போட்டு ஆடு வாங்கி, அறுத்து, தண்ணீருக்காக வேண்டிக்கொண்டு, கறியை அறுபத்து மூன்று கூறு போடுவோம். பெரியவர் ஜுமாஷ் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருப்பார். ஒருவன் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். அவர் பார்க்காமலே ஒரு வீட்டுப் பேரைச் சொல்வார். வராத வீட்டுக்கும் கூறு உண்டு, எடுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சண்டைக்காரன் வீட்டுக்கும் உண்டு.

அந்த வருஷம் பாசில், "எதுக்கு வீடு வீடா அலையறீங்க? மூணு ஆடும் என்னோடது. மாவு, எண்ணெய், டீ எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றான். ஊருக்குச் சந்தோஷம். விரிப்பு போட்டு, வரிசையாக உட்காரவைத்து, தட்டுத் தட்டாகப் பரிமாறினான். விருந்து என்றால் எங்கள் ஊரில் எலும்புக்கு முறை இருக்கிறது. இடுப்பெலும்பு அங்கிருப்பவர்களில் மூத்தவருக்கு. மூத்தவர் ஜுமாஷ், எண்பத்து நாலு வயது. பாசில் அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. நான் ஜுமாஷ் தாத்தாவைப் பார்த்தேன், அவர் ரொட்டியைச் சாறில் நனைத்துக்கொண்டிருந்தார். அந்த எலும்பை அவர் பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும், ஒரு முழம் தூரம்கூட இல்லை. கை கத்தியைத்தான் எடுத்தது.

அப்போது ஊல்கான் அக்கா தோளில் மாவுப் பையோடு வந்தார். எண்ணெய்ப் புட்டி ஒரு கையில்.

"கூறு போட்டாச்சா?"

"இன்னிக்குக் கூறு இல்லக்கா" என்றேன். "பாசில் செலவு. உக்காருங்க, சாப்பிடுங்க."

"அப்ப இது துலோ இல்ல?"

"துலோதான்க்கா" என்றான் பாசில். "உங்களுக்கெல்லாம் செலவு மிச்சம், அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அவர் விரிப்பையும் தட்டுகளையும் பார்த்தார். "சரி. அப்ப நான் விருந்தாளி" என்றார். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொடுத்த விலாவைச் சாப்பிட்டார். முடிந்ததும் இரண்டு கையையும் ஏந்தி, பாசிலுக்கு, அவன் பிள்ளைகளுக்கு, கடைக்கு, லாரிக்கு எல்லாம் ஊர் கேட்க வாழ்த்துச் சொன்னார். பிறகு மாவுப் பையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். போகிற வழியில் என் தட்டைப் பார்த்தார்.

"ருசியா இருக்கா தம்பி?"

"இருக்குக்கா."

"இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே மாதத்திலேயே வாய்க்கால் பாதியாகிவிட்டது. வாரம் ஒரு முறை என்றிருந்ததைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று மாற்றினோம். ஊல்கான் அக்காவுக்குப் புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. பாசிலுக்கு நிறையக் குத்தகை நிலம் என்பதால் வாரா வாரம் வெள்ளிக்கிழமை முறை இருந்தது. மே கடைசியில் காய் பருக்கிற நேரம். அப்போது ஒரு முறை தப்பினால், அடுத்த முறை வரும்வரை ஒரு மாதம் வேர் நனையாது. காய் உதிரும், மரமே போனாலும் போகும்.

அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்குப் பாசில் மடைக்கு வந்தான்.

"டேய் சத்தார், கன்னெல்லாம் தலை தொங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது. இன்னிக்கு மதியத் தண்ணிய என் பக்கம் திருப்பு."

"ஊல்கான் அக்கா முறைடா."

"அவங்களுக்கு நாப்பது மரம். ரெண்டு மணி நேரம் எடுத்துக்கறேன், வெள்ளிக்கிழமை என் முறையில நாலு மணி நேரம் தர்றேன். ரெட்டிப்பு! யாருக்குடா நஷ்டம்?"

யோசித்துப் பார்த்தேன். நஷ்டம் எங்கே என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. "கேட்டுட்டு வரட்டுமா?" என்றேன்.

"நல்லது பண்றதுக்கு எதுக்குடா கேக்கணும்?"

இடுப்பெலும்பு ஞாபகத்துக்கு வந்தது. வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். சக்கரத்தைத் திருப்பினேன்.

பன்னிரண்டுக்கு ஊல்கான் அக்கா மண்வெட்டியோடு வந்தார். அவர் கால்வாயில் ஈரமே இல்லை. தண்ணீர் மறுபக்கம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்.

"என்ன இது?"

வெள்ளிக்கிழமை, நாலு மணி நேரம், ரெட்டிப்பு என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"யார கேட்ட?"

"கேக்கல. உங்களுக்கு லாபம்தானேன்னு..."

"வந்து கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனோ என்னவோ. கன்னு வாடுதுன்னா எனக்குந்தான் மனசு கேக்காது. அவன் எனக்கு நன்றி சொல்லியிருப்பான். இப்பப் பாரு, என் தண்ணிய எடுத்துக்கிட்டு, நான் அவனுக்கு நன்றி சொல்லணுங்கற."

"நன்றியெல்லாம் யாரும் கேக்கலக்கா."

"இந்த வருஷம் கேக்கமாட்டான். அடுத்த வருஷம் என் ரெண்டு மணி நேரத்துக்கு அவன் கடை வாசல்ல போய் நிக்கணும். திருப்பு சக்கரத்த."

"இன்னிக்கு முடியாதுக்கா. சொல்லிட்டேன் அவன்கிட்ட."

அவர் கத்தவில்லை. இரண்டு மணி வரைக்கும் காய்ந்த கால்வாய்க் கரையில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை பாசில் சொன்ன சொல் மாறவில்லை. நாலு மணி நேரத் தண்ணீர் அவர் வயல் வாய்வரைக்கும் வந்தது. ஊல்கான் அக்கா வந்து, மண்ணை வெட்டிப் போட்டு வாயை அடைத்தார். தண்ணீர் தாண்டிப் போய்விட்டது. ஊரே வரப்பில் நின்று பார்த்தது.

"பைத்தியம் பிடிச்சிடுச்சா இந்தம்மாவுக்கு?"

"திமிரு" என்றான் பாசில். அவனுக்கு உண்மையிலேயே மனசு வலித்திருந்தது. "நல்லது செஞ்சா மூஞ்சில அடிக்கறாங்க."

அன்றைக்கே ஊல்கான் அக்கா கழுதையில் பால் கேனைக் கட்டி, கீழ் ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்க ஆரம்பித்தார். காலையில் மருத்துவ நிலையம், மதியத்திலிருந்து இருட்டும்வரை கழுதை. ஒரு மரத்துக்கு இரண்டு கேன். நாற்பதாவது மரத்துக்கு வருவதற்குள் முதல் மரத்தின் இலை சுருண்டிருக்கும். பச்சைக் காய்கள் கொட்டத் தொடங்கின. நான் மடைக்குப் போகிற வழி அந்தச் சுவரை ஒட்டித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் காய் விழுகிற சத்தம் கேட்கும். டொக். கொஞ்சம் நடந்தால் இன்னொன்று, டொக்.

வீட்டில் என் மனைவி குல்சுன் டீ ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "இடுப்பெலும்பு நல்லா செரிச்சுதா?"

"வாய மூடு."

"எனக்கென்ன. உன் தொண்டையில இருக்கறது எனக்கா குத்துது?" என்றவள் வாளியை எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் கிளம்பிவிட்டாள். உதவிக்குப் போன அவளுக்கு ஊல்கான் அக்கா வாசலிலேயே நின்று அத்தனை வாழ்த்துச் சொன்னாராம். திரும்பி வந்து அதை என்னிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள், கடங்காரி.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் ஊல்கான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கழுதையின் முதுகில் கயிறு உரசின புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்குக் காலையில தண்ணி தர்றேன்."

"யாரு தர்றது?"

எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று கத்தலாம் போல இருந்தது. கழுதையின் புண்ணைப் பார்த்தேன்.

"உங்க ரெண்டு மணி நேரத்த நான் எடுத்துட்டேன்" என்றேன். "எனக்கு உரிமை இல்லாம எடுத்தேன். பாசில் முறையில நாளைக்கு ஆறுலருந்து எட்டு உங்களுது. வந்து பாய்ச்சிக்கங்க."

"நோட்டுல எழுதுவியா?"

நோட்டை இலையுதிர்காலக் கூட்டத்தில் ஊருக்கு முன்னால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எழுதாம முடிச்சிக்கலாமேக்கா..."

"எழுதாட்டி நாளைக்கு வர்றதும் உன் தயவாத்தான் போகும். எழுது, வர்றேன்."

அங்கேயே, கழுதைக்குப் பக்கத்தில் நின்று எழுதினேன். மே கடைசிப் புதன், ஊல்கான் முறை, சத்தார் கேட்காமல் எடுத்தான். வெள்ளி ஆறு முதல் எட்டு திரும்பியது. என் கையெழுத்து எப்போதும் கோணல், அன்றைக்கு இன்னும் கோணல். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வெள்ளி காலை ஆறுக்குச் சக்கரத்தைத் திருப்பினேன். ஆறரைக்குப் பாசில் வந்தான்.

"இது என் முறைடா!"

"ஆமா. அதுல ரெண்டு மணி நேரம் அவங்களுது, நீயும் நானும் எடுத்தது."

"நாலு மணி நேரம் தர்றேன்னு சொன்னேன், வேணாம்னு மண்ணப் போட்டாங்க. இப்ப ரெண்டு போதுமா? கணக்கே புரியலயே!"

"எனக்கும் புரிய நாளாச்சு. போ, எட்டு மணிக்கு வரும்."

"என் கையில சாப்பிட்டவன்டா நீ."

"சாப்பிட்டேன். அதுக்கு அன்னிக்கே நன்றி சொல்லிட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

ஊல்கான் அக்கா முழங்கால் சேற்றில் நின்று மரம் மரமாக வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எட்டு ஆகும்போது கடைசி வரிசையில் ஆறு மரம் பாக்கி. தண்ணீர் அவற்றுக்கு நாலடி தூரத்தில் நின்றது.

"இன்னும் பத்து நிமிஷம் விடறேன்க்கா. அந்த ஆறும் நனைஞ்சிடும்."

அவர் அந்த மரங்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு கடிகாரத்தை.

"எட்டு" என்றார். தானே மண்ணை வெட்டி அடைத்தார். தண்ணீர் பாசில் பக்கம் திரும்பியது.

"சக்கரத்துல ஒழுகுது பாரு" என்றார் என்னைத் தாண்டிப் போகும்போது. "எவன் முறைத் தண்ணியோ வீணாப் போகுது. சரி பண்ணு."

அந்த ஆறு மரத்துக்குக் கழுதையில்தான் தண்ணீர் போனது. அடுத்த முறை வருவதற்குள் இரண்டு பட்டுப்போயின. மீதி முப்பத்தெட்டும் பிழைத்தன. காய் பாதிதான்.

இலையுதிர்காலத்தில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நோட்டைப் படித்தார்கள். என் கோணல் வரி வந்ததும் படிக்கிறவன் நிறுத்தி என்னைப் பார்த்தான். "படி" என்றேன். படித்தான். மிராப்பை மாற்ற வேண்டுமா என்று கேட்டார்கள், வீட்டுக்கு ஒரு கை. பாசில் கை தூக்குவான் என்று தெரியும். ஆனால் முதலில் உயர்ந்த கை ஊல்கான் அக்காவுடையது.

சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "உங்களுக்காகத்தானேக்கா அந்த வரிய எழுதினேன்?"

"உண்மைன்னு எழுதினே. உண்மைன்னுதானே நானும் கை தூக்கினேன்? கேக்காம எடுத்தவன் கையில சாவி இருக்கக் கூடாது." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "எழுதினது நல்ல காரியம் தம்பி. அது வேற."

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு ரொட்டி வரவில்லை. புகையிலைப் பொடியைக் காசு கொடுத்து வாங்கினேன். தெருவில் எனக்கு எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தபடியே தலையாட்டினார்கள். பதினோரு வருஷம் அதெல்லாம் சத்தாருக்கு வந்தது என்று நினைத்திருந்தேன், சாவிக்கு வந்திருக்கிறது.

வசந்தத்தில் துலோ. புது மிராப் வீடு வீடாகப் போய் வசூலித்தான். என் வீட்டுப் பங்கைக் குல்சுன் போட்டாள். நான் போகவில்லை. காலில் வலி என்று சொல்லிவிட்டு அடுப்போரம் படுத்துக்கிடந்தேன்.

மதியத்துக்கு மேல் வாசலில் செருப்புச் சத்தம். ஊல்கான் அக்கா, கையில் துணி மூட்டை. வாய்க்கால் தலையிலிருந்து எங்கள் வீடு மூன்று கிலோமீட்டர், கல்லுப் பாதை.

"உன் வீட்டுக் கூறு. ஜுமாஷ் தாத்தா திரும்பி உக்காந்து சொன்னது. விலா ரெண்டு, முதுகெலும்பு ஒண்ணு, கொஞ்சம் கொழுப்பு."

எழுந்து வாங்கிக்கொண்டேன். எல்லோருக்கும் விழுந்த அதே அளவுதான். என் பேரைச் சொல்லி ஒரு கூறு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"ரொம்ப நன்றிக்கா."

"எதுக்கு?" என்று முறைத்தார். "உன் பங்கு அது. பாத்திரத்துல போட்டுட்டுத் துணியக் குடு."

போட்டுவிட்டுத் துணியை மடித்துக் கொடுத்தேன். அவர் போகாமல் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே போன கல்லைத் தட்டினார்.

"ஆனா சுமந்துட்டு வந்தேன் பாரு, அது என் பங்குல சேர்த்தி இல்ல" என்றார். "அதுக்கு வேணா சொல்லிக்கோ. வெறும் வாயால வேணாம். டீ போடு."

போட்டேன். பாலேடு வீட்டில் இல்லை. சர்க்கரையைக் கூடவே போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு என் டீக்கு, அடுப்புக்கு, குல்சுனுக்கு, என் காலுக்கு என்று அவர் வாழ்த்த ஆரம்பித்தார். முடிவதற்குள் டீ ஆறிவிட்டது.